"அத்தா பேரக் காணோமே, தம்பி": நாணய மலர் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவில் காசு, நோட்டு, பதக்கம் பற்றித் தமிழில் சிறப்பு மலர்களும் பட்டியல்களும் கையேடுகளும் வெளியிடும் ஆசிரியர்களுக்கும் வெளியீட்டுக் குழுவினருக்கும், பினாங்கிலிருந்து வணக்கம்.

சென்ற ஆண்டு ஒரு கண்காட்சியை ஒட்டி வந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெரியவர் எனக்காகக் காத்திருந்தார். லெபோ சூலியாவுக்குப் பக்கத்துச் சந்தில் மூன்று தலைமுறையாகக் காசு மாற்றும் தொழில் செய்த குடும்பம் அவருடையது. எண்பதைத் தாண்டியவர். அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவர் பாய், எனக்கும் அப்படித்தான். மேசைமேல் மலரை விரித்து நடுப்பக்கத்தைத் தடவிக் காட்டினார். பக்கம் முழுக்க ஒரே ஒரு செப்புக்காசு. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தத் தீவுக்காக வெளியிட்ட 1787ஆம் ஆண்டுக் காசு.

"காசு நம்மளுது. படம் நீ எடுத்தது. எங்க அத்தா பேரக் காணோமே, தம்பி?"

படத்துக்குக் கீழே "நன்றி: இணையம்" என்று இருந்தது. எனக்கு வாய் எழவில்லை. பாயின் கண்ணில் கோபம் இல்லை. அதைவிடக் கொடுமையான ஒன்று இருந்தது. நான் அந்தப் படத்தை யாருக்கோ விற்றுவிட்டேன் என்று அவர் நினைத்திருந்தார்.

அந்தக் காசு அவர் கைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும். கடைக் கல்லாவில் வந்து விழுந்த பழைய காசுகளை அவருடைய அத்தா செலவழிக்காமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். ஜப்பான்காரன் காலத்தில் அந்த டின்னைக் கிணற்றடியில் புதைத்தார்கள். 1945இல் போர் முடிந்து ஜப்பான்காரன் அச்சிட்ட வாழைமர நோட்டெல்லாம் அடுப்பெரிக்கும் தாளாகிப் போனபோது, தோண்டி எடுத்த டின்னில் செம்பும் வெள்ளியும் அப்படியே இருந்தன. அத்தா போன பிறகு பாய் அதைத் திறந்து காட்டிய வெளியாள் நான் ஒருவன்தான். படம் எடுக்கக் கேட்டபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "யாருக்கு வேணும்னாலும் காட்டு. எங்க அத்தா பேரு கூடவே வரணும்." அதற்காகவே படத்தின் அடியில் ஒரு பட்டை சேர்த்து, காசு யார் குடும்பத்தினுடையது, எடை எத்தனை கிராம், விட்டம் எத்தனை மில்லிமீட்டர், படம் எடுத்தவர் யார் என்று எழுதியிருந்தேன். நண்பர்கள் சிலருக்குப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினேன். மலரில் அச்சான படத்தில் அந்தப் பட்டை இல்லை. யாரோ கத்தரித்துவிட்டார்கள்.

கத்தரித்ததோடு நிற்கவில்லை, படத்தை இடவலமாகத் திருப்பியும் விட்டார்கள். பக்கத்தின் அழகுக்காக இருக்கலாம். அந்தக் காசின் ஒரு பக்கத்தில் இதய வடிவம். அதற்குள் கம்பெனியின் எழுத்துகள். மேலே நான்கு என்ற எண்ணைப் போல ஒரு குறி. கம்பெனி தன் சரக்கு மூட்டைகளில் இட்ட அதே குறிதான். மறுபக்கம் அரபு எழுத்தில் தீவின் பெயர், வேல்ஸ் இளவரசர் தீவு என்று. திருப்பிய படத்தில் நான்கு இடவலம் மாறி நிற்கிறது. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய எழுத்து இடமிருந்து வலமாக ஓடுகிறது. அந்த எழுத்துப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் பக்கத்தைக் காட்டியிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பார். பாயே சொன்னார்.

இதைச் சின்னப் பிழை என்று தள்ளிவிட முடியாது. எழுத்து தலைகீழாகவும் இடவலமாகவும் மாறிவரும் காசு, நாணயம் சேகரிப்பவர்களுக்கு ஒரு தனி அடையாளம். காசு அடிக்கும் உலோக அச்சை வெட்டுகிறவர் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வெட்ட வேண்டும். பழகாத கை அதை மறந்து நேராகவே வெட்டிவிடும். காசில் எழுத்து திரும்பி விழும். அந்தக் காலத்துக் கள்ளக்காசுகளை அடையாளம் காணும் வழிகளில் அதுவும் ஒன்று. மலர் வந்த மூன்றாம் மாதம் ஈப்போவிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் யார் யாரையோ விசாரித்து என்னைத் தேடி வந்தார். மலரில் பார்த்த "திரும்பிய எழுத்துக் காசு" வேறெங்காவது கிடைக்குமா, அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதலாமா என்று கேட்டார். பாதிக் கட்டுரையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். உண்மையைச் சொன்னதும் அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை. படத்துக்குக் கீழே ஒரு பெயர் இருந்திருந்தால், எழுத உட்காரும் முன்னே ஒரு தொலைபேசி அழைப்பில் இது தீர்ந்திருக்கும்.

ஆசிரியர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். படத்துக்குக் கீழே போடும் அந்த ஒரு வரியை நீங்கள் மரியாதைக்குரிய விஷயமாக, முடிந்தால் செய்வோம் என்ற கணக்கில் வைத்திருக்கிறீர்கள். நான் அதைச் சாட்சியாகப் பார்க்கிறேன். எந்தக் காசு, யாரிடம் இருக்கிறது, யார் படம் எடுத்தார் என்பது தெரியாத படத்தை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது.

ஒரு காசைப் படம் எடுப்பது எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். காசு ஓவியத்தைப் போலத் தட்டையானது இல்லை. அதன் மேடும் பள்ளமும் பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள் அடங்கும். அந்த அரை மில்லிமீட்டரைக் கண்ணுக்குக் காட்டுவது வெளிச்சம் மட்டுமே. விளக்கைத் தாழ்த்தி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் அடித்தால், தேய்ந்த எழுத்து எழுந்து நிற்கும். ஆனால் மறுபக்க எழுத்து நிழலில் மூழ்கும். கடிகாரத்தில் பத்து மணியும் இரண்டு மணியும் இருக்கும் இடங்களில் இரண்டு விளக்கு வைத்தால் நடுநிலை கிடைக்கும், கீறல்கள் மறையும். வெள்ளிக்காசின் பளபளப்புக்கு, கேமராவுக்கும் காசுக்கும் நடுவில் ஊடுருவித் தெரியும் ஒரு கண்ணாடித் தகட்டை 45 பாகையில் சாய்த்து, பக்கத்திலிருந்து வரும் ஒளியை நேர்கீழாகக் காசின்மேல் இறக்க வேண்டும். அப்போது காசு ஒரே சீராக ஒளிரும். ஆனால் செப்புக்காசுக்கு அதே ஒளி உயிரில்லாத படத்தைத் தரும். ஈயக்காசும் பஹாங்கின் தொப்பி வடிவத் தம்பாங்கும் இன்னொரு ரகம், ஒளியைக் குடித்துவிடும்.

இதற்காகவே பழைய காலத்துப் பட்டியல் தயாரித்தவர்கள் பலர் காசை நேரடியாகப் படம் எடுக்கவில்லை. பாரிஸ் சாந்தில் ஒவ்வொரு காசுக்கும் இரு பக்கமும் வார்ப்பு எடுத்து, அந்த வெள்ளை வார்ப்புகளை வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தார்கள். கறுத்த காசு, பளபளக்கும் காசு என்ற பேதம் போய், வடிவம் மட்டும் தெரியும். ஒரு பக்கத்துக்கு எத்தனை நாள் வேலை என்று யோசித்துப் பாருங்கள். இன்று திறன்பேசியில் எடுத்துவிடலாம்தான். ஆனாலும் பாயின் 1787 காசுக்கு எனக்கு நான்கு மாலைகள் பிடித்தன. எழுத்தின் ஒரு வளைவு மட்டும் தெரியவே இல்லை. நான்காம் நாள் விளக்கைத் தரையோடு தரையாக இறக்கி, காசை அரைவட்டம் சுழற்றியபோதுதான் அது எழுந்து வந்தது. அந்த வளைவு தெரிந்த படம்தான் உங்கள் நடுப்பக்கத்தில் இருந்தது.

"காசு 200 வருஷத்துக்கு மேல் பழையது. அதற்கு யார் உரிமை கொண்டாட முடியும்?" என்று ஒரு வெளியீட்டுக் குழுவில் என்னிடம் கேட்டார்கள். நல்ல கேள்வி. காசின் வடிவத்துக்கு இன்று உரிமையாளர் யாரும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். படம் வேறு. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிழற்படத்தைக் கலைப்படைப்பு வகையில் சேர்க்கிறது. ஆய்வுக்கும் விமர்சனத்துக்கும் நியாயமான அளவில் பயன்படுத்த அதன் 13ஆம் பிரிவு இடம் தருகிறது. கூடவே படைப்பின் பெயரையும் படைத்தவரையும் குறிப்பிடச் சொல்கிறது. 25ஆம் பிரிவு, படைத்தவர் என்று அடையாளம் காட்டப்படும் உரிமையையும், படைப்பைச் சிதைக்காமல் காக்கும் உரிமையையும் பேசுகிறது. கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே போகும் என்று 26ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் ஸ்டூடியோவுக்குப் பணம் கொடுத்துத் தன் காசுகளைப் படம் எடுத்த சேகரிப்பாளரிடமும் நீங்கள் கேட்டாக வேண்டும். நான் வழக்கறிஞன் அல்ல. வழக்குப் போட எழுதவும் இல்லை. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது "இணையத்தில் கிடந்தது" என்பது பதிலாகாது என்பதற்காகச் சொன்னேன்.

அமெரிக்காவில் 1999இல் ஒரு தீர்ப்பு வந்தது. பழைய ஓவியத்தை அப்படியே நகலெடுக்கும் நிழற்படத்தில் புதிதாக எதுவும் படைக்கப்படவில்லை, ஆகவே அதற்குத் தனிப் பதிப்புரிமை இல்லை என்று நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. அதை மேற்கோள் காட்டி வாதிடுபவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஆனால் அது தட்டையான ஓவியங்களைப் பற்றியது. மேடுபள்ளம் உள்ள காசுக்கு ஒளியமைப்பு தேவைப்படுவதால், விக்கிமீடியா பொதுவகம்கூடக் காசுப் படங்களுக்கு எடுத்தவரின் அனுமதியைத் தனியாகக் கேட்கிறது. இலவசமாகப் பகிர்வதையே நோக்கமாக வைத்திருக்கும் இடத்திலேயே இந்தக் கவனம் இருக்கிறது.

அருங்காட்சியகப் படங்கள் விஷயத்திலும் நம்மிடம் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020இல் ஏறத்தாழ 28 லட்சம் படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது, அனுமதியே வேண்டாம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அதற்கு மூன்று ஆண்டு முன்னே அதைச் செய்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிலை வேறு: பெயர் போட வேண்டும், வணிக நோக்கம் கூடாது, மாற்றினால் அதே நிபந்தனையில்தான் பகிர வேண்டும். முப்பது ரிங்கிட்டுக்கு விற்கும் மலரில் அங்கிருந்து படம் எடுத்துப் போடுவதற்கு முன் எழுதிக் கேட்பதுதான் முறை. திறந்துவிட்ட படமானாலும் அருங்காட்சியகப் பதிவெண்ணைப் போடுங்கள். சட்டம் கேட்காவிட்டாலும் வாசகர் கேட்பார். அந்த எண் இருந்தால் எங்கோ சிரம்பானில் இருக்கும் ஒரு மாணவர் அதே காசின் எடையையும் வந்த வழியையும் தேடிப் படித்துவிடுவார்.

எண் இல்லாமல் போடும்போது என்ன ஆகிறது என்பதற்கு ஒரு பக்கம் சொல்கிறேன். ரோமாபுரிக் காசும் தமிழகமும் பற்றி ஒரு கையேட்டில் வந்த கட்டுரை. "புதுக்கோட்டைப் புதையல்" என்ற தலைப்பின் கீழ் கண்ணைப் பறிக்கும் தங்கக்காசு, பேரரசரின் முகம் மாசுமறுவில்லாமல். 1898இல் புதுக்கோட்டையில் கிடைத்த அந்தத் தங்கக்காசுகளின் சிறப்பே, பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் போட்ட வெட்டு இருப்பதுதான். ஏன் வெட்டினார்கள் என்று இன்றுவரை அறிஞர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நம் மண்ணின் கதையே அந்த வெட்டில்தான் இருக்கிறது. அழகாக இருக்கிறதென்று எங்கிருந்தோ ஓர் ஏலப் படத்தை எடுத்துப் போட்டதில் அந்தக் கதை காணாமல் போயிற்று. படத்தின் கீழ் மூலத்தை எழுத வேண்டிய கட்டாயம் இருந்திருந்தால், எழுதும்போதே கை நின்றிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் நுட்பமானது. கையால் வெட்டிய அச்சுகளைக் கொண்டு அடித்த காசுகளில், எந்த இரண்டு அச்சும் ஒன்றுபோல் இராது. எத்தனையோ காசுகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எது ஒரே அச்சில் பிறந்தது என்று பிரிப்பார்கள். எத்தனை காசில் எத்தனை அச்சு தெரிகிறது என்ற கணக்கிலிருந்து, மொத்தம் எத்தனை அச்சு இருந்திருக்கும், எவ்வளவு காசு அடித்திருப்பார்கள் என்று மதிப்பிடுவார்கள். பழைய அரசுகளின் பொருளாதாரத்தைப் பற்றி ஏடுகள் பேசாத இடத்தில் இந்தக் கணக்குப் பேசும். இப்போது ஒரே காசின் படம் மூன்று மலர்களில், மூன்று விதமாகக் கத்தரித்து, ஒன்றில் திருப்பி, ஒன்றில் நிறம் கூட்டி, உரியவர் பெயரில்லாமல் வந்தால்? ஆய்வாளர் அதை மூன்று காசுகளாக எண்ணுவார். ஒரே அச்சு மூன்று முறை வந்ததாகப் பதிவாகும். அச்சுகளின் எண்ணிக்கை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். படத்துக்குக் கீழே இருந்த ஒரு வரியை வெட்டியதால் வரலாற்றின் கணக்கு தப்புகிறது.

சங்ககாலப் பாண்டியரின் பெருவழுதி நாணயத்தை நினைத்துப் பாருங்கள். தமிழ்-பிராமி எழுத்தில் "பெருவழுதி" என்ற பெயர் தாங்கிய அந்தச் செப்புக்காசை நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்தியபோது, சங்க இலக்கியம் சொல்லும் பெயர் உலோகத்தில் கிடைத்தது. அவ்வளவு சிறிய, தேய்ந்த காசில் எழுத்து இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், ஒப்புக்கொள்ளவும் மறுக்கவும் மற்றவர்களுக்குப் படம்தான் கருவி. அந்தப் படம் எந்தக் காசினுடையது என்பது தெளிவாக இருந்தால்தான் விவாதமே நடக்கும்.

அண்மைக் காலத்தில் ஒரு புதிய கேடும் சேர்ந்திருக்கிறது. மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள். தேய்ந்த எழுத்தைக் கொடுத்தால் அவை தாமாகவே எழுத்தை நிரப்பிவிடுகின்றன; அந்த எழுத்து காசில் இல்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலைக்கு அது பெரிய சேதம் செய்யாமல் போகலாம். மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவிக்கும் தமிழ்-பிராமிக்கும் அது பொய்ச்சாட்சி. தெளிவாக்கிய படத்தைப் போட்டே ஆக வேண்டுமென்றால், "படம் செயலியால் மாற்றப்பட்டது" என்று கீழே எழுதுங்கள். என் படமென்றால், வேண்டாம் என்றே சொல்வேன். சான்றுப் பெட்டிக்குள் இருக்கும் காசின் படத்தைப் போடும்போதும், காசைச் சோதித்துத் தரச்சான்று கொடுக்கும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் தரும் எண்ணைக் கத்தரிக்காதீர்கள். அழகுக்கு அது இடைஞ்சல் என்று தோன்றலாம். அந்தக் காசைத் திரும்பக் கண்டுபிடிக்க அதுதான் வழி.

நானும் இதில் தவறியவன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ப்பள்ளியில் நாணயக் கண்காட்சி வைத்தபோது, என்னிடம் இல்லாத நீரிணைக் குடியேற்றக் காசுகளுக்காக (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த அன்றைய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியின் காசுகள்) வேறொருவரின் படங்களை அச்சிட்டு ஒட்டினேன். 1872ஆம் ஆண்டு ஒரு சென், 1903ஆம் ஆண்டு வெள்ளி டாலர், 1919இல் வந்த சதுர ஒரு சென். பிள்ளைகளுக்குத்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை, பெயரும் போடவில்லை. அந்தப் படங்களை எடுத்தவரைப் பிறகு லோரோங் கூலிட் சந்தையில் சந்தித்தேன். ஞாயிறு காலையில் தரையில் துணி விரித்துக் காசு விற்பவர்களிடம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். "கேட்டிருந்தா இன்னும் நல்ல படமா குடுத்திருப்பேனே" என்றார். பிள்ளைகள் பார்க்க வேண்டிய நல்ல படத்தை நான்தான் அவர்களுக்குக் கிடைக்காமல் செய்தேன்.

கேட்பதால் கிடைப்பது அனுமதி மட்டும் அல்ல. கேட்கும்போது, "அந்தப் படம் பழசு, எழுத்து தெரியும் வேறொன்று அனுப்புகிறேன்" என்பார். "அதில் ஆண்டைத் தப்பாக எழுதிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள்" என்பார். "அந்தக் காசு போலி என்று பிறகுதான் தெரிந்தது, போடாதீர்கள்" என்றுகூடச் சொல்வார். இதெல்லாம் ஒரு புலனச் செய்தியில் முடியும் காரியம். அச்சகத்துக்கு நாள் நெருங்கிவிட்டது என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. மலர் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள், பகலில் வேறு வேலை செய்து இரவில் பக்கம் கட்டுபவர்கள் என்பதும் தெரியும். நானும் பக்கம் கட்டியிருக்கிறேன். அப்படியானால் பதில் வராத படத்தை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் காசின் எடையையும் அளவையும் விவரிப்பையும் போட்டால் வாசகருக்குப் பயன் உண்டு.

எப்படிப் போடுவது என்று கேட்பவர்களுக்கு: படத்துக்கு நேர்கீழே போடுங்கள். கடைசிப் பக்கத்தில் முப்பது பெயர்களை மொத்தமாக அடுக்கி "படங்கள் தந்து உதவியோர்" என்று நன்றி சொல்வதால், எந்தப் படம் யாருடையது என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. காசுக்காரரின் பெயரும் படமெடுத்தவரின் பெயரும் தனித்தனியே வர வேண்டும். பெரும்பாலும் இருவரும் ஒருவரல்ல. காசுக்காரர் பெயரை எப்படிப் போடுவது என்பதை அவரே சொல்லட்டும். வீட்டில் விலையுள்ள காசு இருக்கிறது என்று ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. "தனியார் சேகரிப்பு, பினாங்கு" என்று மட்டும் போடச் சொன்னால் அப்படியே போடுங்கள். பாயைப் போல, அத்தாவின் பெயர் வந்தே தீர வேண்டும் என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டையும் கேட்டால்தான் தெரியும். பழைய ஏலப் பட்டியலிலிருந்து எடுத்தால் ஏல நிறுவனத்தையும் நாளையும் காசின் வரிசை எண்ணையும் எழுதுங்கள். புழக்கத்தில் இருக்கும் நம் நாட்டுப் பணத்தின் படத்தை அச்சிட மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதிகள் தனியே உண்டு. அவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காசுப் படத்தின் நடுவில் பெரிதாகத் தன் பெயரைப் பொறித்து அனுப்பும் பழக்கம் நம் சேகரிப்பாளர்களிடம் பரவி வருகிறது. நானும் கொஞ்ச நாள் செய்தேன். பிறகு நிறுத்திவிட்டேன், ஏனென்றால் அந்தப் பெயர் மறைக்கும் இடத்தில்தான் பார்க்க வேண்டிய எழுத்து இருந்தது. ஆனால் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. திருடு போகும் ஊரில் வேலி உயர்த்துகிறார்கள். நீங்கள் பெயர் போடத் தொடங்கினால் வேலிகள் தாமாக இறங்கும்.

பணம் கேட்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். தமிழில் நாணயவியல் பற்றி எழுதுபவர்கள் இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுதான். உங்கள் மலர்கள் இல்லையென்றால் அந்த எழுத்தும் இல்லை. என் படங்களைத் தமிழ் வெளியீடுகளுக்குக் காசு வாங்காமலே கொடுத்துவருகிறேன், இனியும் கொடுப்பேன். என் கவலை வேறு. இந்தத் தீவின் காசு வரலாற்றுக்கு வேண்டிய சான்றெல்லாம் அருங்காட்சியகங்களில் மட்டும் இல்லை. தண்ணீர்மலைப் பக்கத்து வீடுகளில், பட்டர்வொர்த்தில் பழைய தோட்டத்து டோக்கன்களை வைத்திருக்கும் அலமாரிகளில், செட்டியார் கிட்டங்கிப் பெட்டிகளில், பாயினுடையதைப் போன்ற பிஸ்கட் டின்களில் இருக்கிறது. அவற்றைத் திறக்கும் சாவி நம்பிக்கை. மலர் வந்த பிறகு பாய் தன் டின்னை எனக்குத் திறந்து காட்டவில்லை. அதில் இன்னும் நான் படம் எடுக்காத காசுகள் இருக்கின்றன. 1810ஆம் ஆண்டுக் காசு ஒன்று, ஜாவியில் பெயர் எழுதியது, ஒருமுறை அவர் கையில் பார்த்தேன். விளிம்பில் ஏதோ அடித்த குறி இருந்தது. என்ன குறி என்று பார்ப்பதற்குள் மூடிவிட்டார்.

அந்த நடுப்பக்கத்தை வெளியிட்ட குழுவினரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பெயர் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்த மலரில் ஒரு சின்னக் கட்டத்தில் திருத்தம் போடுங்கள். படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது, அந்தக் காசில் எழுத்து சரியாகவே இருக்கிறது என்று எழுதுங்கள். ஈப்போ ஆசிரியரைப் போல இன்னும் எத்தனை பேர் அதை நம்பியிருக்கிறார்களோ தெரியவில்லை. திருப்பாத படத்தை, பெரிய அளவில், எடையும் அளவும் சேர்த்து நான் அனுப்பிவைக்கிறேன். கீழே இரண்டு பெயர் வரும். இடம் போதாதென்றால் என் பெயரை விட்டுவிடலாம்.

அச்சானதும் ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கள். லெபோ சூலியாவுக்கு நானே கொண்டுபோய்ப் பாயின் மேசைமேல் அந்தப் பக்கத்தை விரித்து வைப்பேன்.

அன்புடன்,
காசுகளைப் படம் எடுக்கும் ஒருவன்
ஜார்ஜ்டவுன், பினாங்கு